பொட்டலத்தின் ஓரத்தில் ஒரு எண்

"இப்படி இழுத்தா கதவுக்கு வலிக்காதாம்மா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. முதுகில் பள்ளிக்கூடப் பை, கையில் தண்ணீர் பாட்டில். அம்மா பூட்டைப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், நாலு படி இறங்கினாள், மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்த்தாள். அன்று அது பதினோராவது தடவை. குழந்தை கோபமாகக் கேட்கவில்லை. கதவுக்காகப் பரிந்து பேசியது, அவ்வளவுதான்.

பெரியவர்கள் கேட்டால் சொல்வதற்கு அம்மாவிடம் பதில் இருந்தது. நாத்தனார் கேட்டபோது, "திருட்டுப் பயம்தான்" என்று சொல்லிவிட்டாள்.

"நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு அண்ணி? திருடன் வந்தா பாவப்பட்டு எதையாவது வெச்சிட்டுப் போவான்" என்று நாத்தனார் சிரித்தாள். லாரி ஓட்டும் கணவன் வாரத்தில் நாலு நாள் வெளியூர். வீட்டில் இருக்கிற நாளில், "நீ முன்னால போ, நான் பூட்டிட்டு வர்றேன்" என்று சாவியை வாங்கிக்கொள்வான். நல்ல மனிதன். ஆனால் அவன் பூட்டியதை அவள் நம்ப வேண்டுமே. குழந்தையிடம் திருட்டுப் பயம் செல்லுபடியாகாது. கதவுக்கு வலிக்கிறதோ இல்லையோ, எனக்கு வலிக்கிறது என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்திரி, கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கழுவுவார்கள். மறுபக்கத்தில் அவளைப் போல ஆறு பேர் வெள்ளை விளக்கின் கீழ் நின்று, பட்டியலைப் பார்த்து எண்ணி, ட்ரேயில் அடுக்கி, இரட்டைத் தாளில் மடித்துப் பொட்டலமாகக் கட்டுவார்கள். கட்டிய பொட்டலம் கிருமி போக்கும் நீராவி மெஷினுக்குள் போகும். உள்ளே போவதற்குமுன் கட்டியவர் தன் எண்ணை ஓரத்தில் எழுத வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கத்திரி குறைந்தால் யாருடைய கை என்று தெரிய வேண்டுமே. அவள் எண் இருபத்தேழு.

ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதி எழுதி, அந்த எண் விரலில் ஊறிப்போயிருந்தது. எதை எழுதி முடித்தாலும் கை தானாக அதைப் போட்டுவிடும். ஒருமுறை மளிகைச் சீட்டின் அடியில் போட்டுவிட்டாள். கடைக்காரர், "இருபத்தேழு என்னம்மா, கிலோவா, பாக்கெட்டா?" என்று கேட்டார். மகளின் பள்ளி டைரியிலும் கையெழுத்துக்குக் கீழே ஒரு இருபத்தேழு உண்டு.

முதலில் அவள் கவனத்தை எல்லோரும் மெச்சினார்கள். பிறகு எண்ணியதையே எண்ண ஆரம்பித்தாள். அதற்கும் பிறகு, கட்டிய பொட்டலத்தை யாரும் பார்க்காதபோது அவிழ்த்து மறுபடி எண்ணினாள். சரியாகத்தான் இருக்கும். எப்போதும் சரியாகத்தான் இருக்கும். மடித்து ஓரத்தை ஒட்டியதும் வயிற்றுக்குள் அதே கேள்வி எழும்: பார்த்தாயா, நிஜமாகவே பார்த்தாயா?

மூன்று தடவை பொட்டலம் மேலே போகத் தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவை மேற்பார்வை பார்க்கும் மேடம் அவளைத் தனியாக அழைத்தார். அதிகம் பேசாத அம்மாள். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை தியேட்டர் காத்திருந்தா, உங்களை இந்த மேஜையில வெச்சிருக்க என்னால முடியாது" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பயம். தப்பு செய்துவிடுவோமோ என்பது ஒன்று. தப்பே செய்யாமல் வேலை போய்விடுமோ என்பது இன்னொன்று.

இந்த நாட்களில்தான் 'இறக்கி வை' என்ற பக்கம் அவள் கைபேசியில் அகப்பட்டது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, ஆளுக்கொரு புனைபெயர்தான். மனப்பாரத்தை எழுதலாம். படித்தவர்கள் கீழே 'கேட்டேன்' என்று ஒரு அடையாளம் வைப்பார்கள், தோன்றினால் நாலு வரி எழுதுவார்கள். நீ யார், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு: இறக்கி வைத்ததை ஏழு நாளைக்கு எழுதியவராலேயே தொட முடியாது. முன்பெல்லாம் ஆட்கள் பயந்துபோய்ப் பத்தே நிமிஷத்தில் எடுத்துவிடுவார்களாம், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்களாம். அந்த விதிதான் அவளை இழுத்தது. திருத்த முடியாது, திரும்பப் பார்த்துப் பயனில்லை. அப்படி ஒரு இடம் அவளுக்கு உலகத்தில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

நாலு மாதம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில், உணவறை மூலையில் உட்கார்ந்து, கடவுளை நினைத்துக்கொண்டு எழுதினாள்.

'என்னால் பூட்டை நம்ப முடியவில்லை. அடுப்பை அணைத்ததை நம்ப முடியவில்லை. கண்ணால் பார்த்ததைக் கையால் தொட்டுப் பார்த்தும் நம்ப முடியவில்லை. வேலையிலும் அப்படித்தான். எண்ணியதை எண்ணுகிறேன், கட்டியதை அவிழ்க்கிறேன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். தெரியாமல் இருந்தால் நான் போய்விடுவேன் போலிருக்கிறது. புத்தி சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் போதும்.'

அனுப்பினாள். 

"என்ன இருபத்தேழு, போனுக்குள்ளயே குடி போயிட்ட?"

எதிரே சாப்பாட்டு டப்பாவோடு குக்கர் அண்ணன் நின்றார். நீராவி மெஷினை இயக்குகிறவர். "நான் பண்றது என்ன பெரிய வேலை, பெரிய சைஸ் குக்கர்ல கத்தி கத்திரியை வேக வைக்கிறேன்" என்று அவரே ஒருமுறை சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அதன் நடுவில் அவர் இருப்பார்.

"ஒண்ணுமில்லண்ணா. ஆளுங்க பேர் சொல்லாம மனக்கஷ்டத்தை எழுதற ஒரு பக்கம். சும்மா பார்த்துட்டு இருந்தேன்." பதற்றத்தில் உண்மையே வாயில் வந்துவிட்டது.

"அப்படியா? பேர் என்ன?"

"இறக்கி வை."

"நல்ல பேரு. சுமைகூலி கேட்க மாட்டாங்களே?" என்று சிரித்தபடி, அவர் தன் கைபேசியில் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே போனார்.

மணி அடித்தது. பொட்டலம் கட்டும் அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அவள் லாக்கரில் வைத்துவிட்டு, கை கழுவி, தொப்பி மாட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். முதல் பொட்டலத்தை எண்ணினாள், மடித்தாள், ஒட்டினாள், பேனாவை எடுத்து ஓரத்தில் எண்ணை எழுதினாள். இரண்டும் ஏழும் தாளில் விழுந்ததைப் பார்த்தபடியே நின்றாள்.

சற்றுமுன் கைபேசியில் எழுதியதன் கடைசி வரிக்குக் கீழே அவள் கட்டைவிரல் எதையோ தட்டியது. எதைத் தட்டியது?

தெரியும். வேறு எதைத் தட்டும்?

ஆயிரம் தடவை இல்லாத தப்பைத் தேடியவளுக்கு, இருக்கிற தப்பு ஒன்று கடைசியில் அகப்பட்டுவிட்டது. பெயர் இல்லாத இடத்தில் பெயரைவிடப் பெரிய கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஏழு நாளைக்கு அதைத் தொட முடியாது. ஊரில் யார் பார்த்தாலும் அது வெறும் எண். இந்த அறையைச் சேர்ந்தவர் பார்த்தால், 'கட்டியதை அவிழ்க்கிறேன்' என்பதையும் இருபத்தேழையும் சேர்த்துப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பக்கத்தின் பெயரை அவளே ஒருவருக்குச் சொல்லியும் கொடுத்துவிட்டாள். தன் வீட்டுச் சாவியைத் தானே நீட்டினவள் போல.

மணி ஒன்றே முக்கால். வேலை முடிய ஐந்து மணி ஆகும்.

அறைக்கும் நடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். மெஷின் ஒரு சுற்று ஓட ஐம்பது நிமிஷம். அந்த நேரம் முழுக்கக் குக்கர் அண்ணன் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அன்றும் உட்கார்ந்தார். கைபேசியை எடுத்தார். மேலே தள்ளினார், நிறுத்தினார், கண்ணைச் சுருக்கிப் படித்தார். அவள் கிளாம்ப் எண்ணினாள். பதினான்கு. அவர் தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாரா, அவளுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாரா? எண்ணிக்கை கலைந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

மூன்றரைக்கு மேடம் ஒரு ட்ரேயோடு வேகமாக வந்தார். "அவசரம். பத்து நிமிஷத்துல கட்டி மெஷினுக்குக் கொடுத்தாகணும். முப்பத்திரண்டு உருப்படி."

அவள் எண்ணினாள். முப்பத்திரண்டு. இன்னொரு தடவை, முப்பத்திரண்டு. மடித்து ஒட்டினாள். பேனாவை எடுத்தாள். எண்ணை எழுதாமலே கீழே வைத்தாள். பார்த்தாயா, நிஜமாகவே பார்த்தாயா? சின்னக் கத்திரி இரண்டா, ஒன்றா? கடவுளே, இப்போது வேண்டாம் என்று கெஞ்சினாள். கை கேட்கவில்லை, ஒட்டியதைப் பிரித்தது. முப்பத்திரண்டு. மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள். பக்கத்து மேஜைக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். பத்து நிமிஷம் பத்தொன்பதாயிற்று.

மேடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நாளைக்குக் காலைல வந்ததும் என் ரூமுக்கு வாங்க" என்றார்.

ஐந்து மணிக்கு லாக்கரைத் திறந்தாள். கைபேசியை எடுக்கத் தைரியமில்லை, பையில் போட்டுக்கொண்டு படியேறினாள். வாசலில் குக்கர் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். அவளுக்காகவேதான்.

"நீ சொன்ன பக்கத்தைப் பார்த்தேன்" என்றார்.

அவள் நின்றுவிட்டாள்.

"எடுத்ததும் ஒரு பொண்ணு எழுதினது. பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்குதாம். அடியில பார்த்தா இருபத்தேழுன்னு போட்டிருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அட, நம்ம புள்ள நம்பராச்சேன்னு." அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அந்த ஒரு நொடியில் அவள் ஒன்பது வருஷ வேலை, மகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்து போயின. "அப்புறம் கீழ பார்க்கிறேன், ஒருத்தன் பத்தொம்பது. ஒரு அம்மா நாற்பத்தாறு. இன்னொருத்தன் நூத்திப்பன்னெண்டு, அவனுக்குக் கை வலிக்காதா? எத்தனை தடவை பூட்டை இழுத்தாங்கன்னு ஆளாளுக்கு நம்பர் போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு அன்னைக்கு இருபத்தேழு தடவை இழுத்திருக்கும் போல. பாவம்." பிறகு, "உலகத்துல எத்தனை விதமான கஷ்டம் பாரு. சரி, பஸ் வந்துடும், ஓடு" என்றார்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கைபேசியைத் திறந்தாள். ஆம், அவள் போட்டிருந்தாள். 'யாராவது கேட்டால் போதும்.' அடுத்த வரியில், 27. அதற்குக் கீழே நூற்று ஐம்பது பேர் 'கேட்டேன்' என்று வைத்திருந்தார்கள். முதல் பதிலை எழுதியவரின் புனைபெயர் கொடிக்கயிறு. அவள் எழுதிய நாலாவது நிமிஷத்தில் வந்தது.

'எனக்கு அடுப்புக் குமிழ். நீங்கள் எத்தனை தடவை என்று கடைசியில் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்தது. இன்று காலையில் என் கணக்கு: 19. இதே சங்கடம் உள்ளவர்கள் வெட்கப்படாமல் உங்கள் எண்ணையும் போடுங்கள்.'

அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போட்டிருந்தார்கள். எண்ணுக்குக் கீழே எண், அதற்குக் கீழே எண். அவளுடைய இருபத்தேழு கூட்டத்தில் ஒரு தலையாகிவிட்டது.

தனிச்செய்தி ஒன்றும் இருந்தது. அதுவும் கொடிக்கயிறுதான். 'அது எத்தனை தடவை என்ற கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் பொட்டலம் கட்டுகிற கைதான், வேறு ஆஸ்பத்திரியில். எங்கள் ஓரத்திலும் எண் உண்டு. நீங்கள் பார்ப்பதற்குள் வேறு யாராவது பார்த்துவிடக் கூடாதே என்றுதான் இடையில் புகுந்தேன். ஒன்று சொல்லலாமா? புத்தி இல்லை, எனக்கு நடந்தது. நான் என் மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை.'

பஸ்ஸில் அத்தனை பேர் நடுவே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெரியாத ஒருவர், தன் வேலைக்கு நடுவே, தன் வெட்கத்தையும் வெளியே எடுத்துப் போட்டு அவளை மூடிவிட்டுப் போயிருக்கிறார். கடவுள் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை, இப்படி ஓசைப்படாமல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுத்தான் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. 'இதை எப்படித் திருப்பித் தருவேன்?' என்று கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை.

மறுநாள் காலையில் மேடத்தின் அறையில், உட்காரச் சொல்லும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். பூட்டு, அடுப்பு, எண்ணுவது, அவிழ்ப்பது, எல்லாவற்றையும். இடையில் நிறுத்தவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவிழ்க்கிறது எனக்குத் தெரியும். ஒரு தடவை மடிச்ச தாள்ல ஒரு கோடுதான் விழும். உங்க பொட்டலத்துல ரெண்டு மூணு கோடு இருக்கும். ஒரு வருஷமா பார்த்துட்டுதான் இருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன் மேடம்..."

"நீங்க சொல்லாம நான் எப்படிக் கேட்கறது? ஏன்னு தெரியாம என்ன செய்யறது?" என்றார் அவர். "மேஜையை விட்டு உங்களை அனுப்பறதாதான் நேத்து நினைச்சேன். இப்ப இப்படிச் செய்வோம். நீங்க எண்ணுங்க, பக்கத்து மேஜைக்காரங்க ஒரு தடவை எண்ணட்டும். மேஜைக்கு மேஜை அதுதான் இனி முறை, உங்களுக்கு மட்டுமில்ல. ரெண்டு பேர் பார்த்தாச்சுன்னா அதுக்கப்புறம் உங்க கை அந்தப் பொட்டலத்துல படக் கூடாது. மூணாவது மாடியில மனநல டாக்டர் இருக்காங்க, இந்த வாரமே போய்ப் பாருங்க. ரெண்டு மாசம் பார்ப்போம்."

ரெண்டு மாசம். அது மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. அவள் மாடியேறி டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தார், பயிற்சி கொடுத்தார். வயிற்றுக்குள் அந்தக் கேள்வி அப்படியேதான் எழுந்தது. ஆனால் அது எழும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினாள். சில நாள் நின்றாள், சில நாள் தோற்றாள். அவளால் தியேட்டர் ஒருமுறைகூடக் காத்திருக்க நேரவில்லை.

ஆறு வாரம் கழித்து, காலை பஸ்ஸில் 'இறக்கி வை'யைப் புரட்டிக்கொண்டிருந்தவளின் விரல் ஓர் இடத்தில் நின்றது. புதிய புனைபெயர். எழுதி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

'வேலை செய்யும் இடத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பது நான்தான். வீட்டில் என்னோடு மனைவியும் பிள்ளையும் பேசி எட்டு மாதமாகிறது. தப்பு என்னுடையதுதான், குடித்த காலத்தில் சொன்ன வார்த்தைகள். இப்போது குடிப்பதில்லை. ஆனால் அவர்கள் காது மூடிவிட்டது. காலையில் வேலைக்கு வந்து, குக்கர் என்று யாராவது கூப்பிட்ட பிறகுதான் நான் இருக்கிறேன் என்றே எனக்குத் தெரிகிறது. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அதனோடு பேசுகிறேன். அதுவாவது புஸ்ஸென்று பதில் சொல்கிறது.'

குக்கர் அண்ணன்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கழுவும் பக்கத்துப் பையன்கள்கூட மதியத்தில் அதைப் படித்துவிட்டுப் பேசிக்கொள்வதை அவள் கேட்டிருக்கிறாள். ஏழு நாளைக்கு அவராலும் அதைத் தொட முடியாது. சிரிப்பை மட்டுமே முகமாக வைத்திருக்கிற மனிதர். அது கிழிந்தால் அவர் அந்த அறைக்குள் எப்படி வருவார்?

இறங்க இன்னும் ஆறு நிறுத்தம் இருந்தது. அவள் அந்தப் பதிவின் கீழே எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

'கேட்டேன். எங்கள் வேலையிடத்திலும் பட்டப்பெயர்தான் எல்லாம். சொந்தப் பெயரைவிட அதைச் சொல்லிக் கூப்பிடும்போதுதான் எனக்கும் ஆள் இருக்கிறது என்று தோன்றும். எனக்கு அவர்கள் வைத்த பெயர் பூட்டு. உங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? படிக்கிற எல்லோரும் எழுதுங்களேன், இவருக்குத் துணையாக இருக்கும்.'

பூட்டு என்று யாரும் அவளை அழைத்ததில்லை. அந்தப் பொய்யைக் கடவுள் கணக்கில் வைக்கமாட்டார் என்று நம்பி அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. யாரும் எழுதாவிட்டால்? அவள் பதில் மட்டும் தனியாக நின்றால், 'குக்கர்' என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக் காட்டியது போல ஆகிவிடுமே. மூடப் போய்த் திறந்துவிட்டோமோ? நிறுத்தம் வந்தது. கைபேசி லாக்கருக்குள் போனது. மதியம் வரை எதுவும் தெரியாது.

அன்று காலை முழுவதும் நிஜமான ஒன்றுக்காகப் பயந்தாள். பதினான்கு கிளாம்ப், பக்கத்து மேஜைக்காரி எண்ணினாள், பதினான்கு. கண்ணாடிக்கு அப்பால் குக்கர் அண்ணன் வழக்கமான நாற்காலியில் இருந்தார். அன்று யாரையும் கிண்டல் செய்யவில்லை. அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. 19 என்று எழுதிவிட்டுப் போன கொடிக்கயிறும் அன்று இப்படித்தான் எங்கோ ஒரு மேஜை முன்னால், தெரியாத ஒருத்திக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

மணி அடித்ததும் ஓடவில்லை, நடந்தே போய் எடுத்தாள்.

பஞ்சர். தராசு. ஒல்லிக்குச்சி. ரசீது. பெரிய கரண்டி. மிக்ஸி. 'எனக்கும் குக்கர்தான், ஓட்டல் வேலை, சீக்கிரம் கொதித்துவிடுவேன்' என்று ஒருவர். சைலென்ஸர். அரைக்கிலோ. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, 'பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் சைரன், நேரில் சொன்னால் அடிப்பேன்.' அறுபத்து மூன்று பேர். நடுநடுவே, பெயரோடு நிற்காமல், எட்டு மாதம் பேசாத வீட்டைப் பற்றி நிதானமாக எழுதியவர்கள் நாலைந்து பேர்.

எதிர் மேஜையில் கழுவும் பக்கத்துப் பையன்கள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். "சைலென்ஸராம்டா" என்று ஒருவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். வேறெதையும் அவர்கள் பார்க்கவில்லை.

குக்கர் அண்ணன் டப்பாவைத் திறக்காமல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து டப்பாவைத் திறந்தார். அவள் பக்கம் திரும்பி, "இருபத்தேழு, அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றார்.

அவள் தள்ளினாள்.